வாடகைக்கு விடாத சின்னக் கட்டில்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்து அனுப்பும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் எண்ணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடமாக அவள் வேலை எண்ணுவது. காலை ஏழரைக்கு அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும். எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை, எத்தனை பச்சை அங்கி என்று எண்ணி உள்ளே விடுவாள். துவைத்து, உலர்த்தி, சூடான உருளையில் தேய்த்து, பத்துப் பத்தாகக் கட்டி மறுபடி வண்டி ஏறும்போது அதே எண்ணிக்கை வெளியே போக வேண்டும். போகும். சீட்டில் அவள் கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாய்விட்டு எண்ண மாட்டாள். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் யாராவது ஊர் வம்பு பேசினால் பதிலும் சொல்லுவாள், எண்ணிக்கையும் தவறாது.

ஒரு தடவை ஒரே ஒரு விரிப்பு குறைந்தது. வண்டியைப் போக விடவில்லை அவள். நாற்பது நிமிடம் கூடம் முழுக்கத் தலைகீழாகப் புரட்டினார்கள். வண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆள் காணாமப் போனாக்கூட இப்படித் தேட மாட்டாங்க. ஒரு துணிக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எண்ணியக்காவின் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. உலர்த்தும் இயந்திரத்தின் பின்பக்கம் சுருண்டு கிடந்த விரிப்பு கடைசியில் கிடைத்தது. கையெழுத்துப் போடும் முன் அவள் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எண்ணியதைப் பார்த்தவர்கள், பாவம், பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பயந்தது வேறு ஒன்றை நினைத்து. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட.

அவளுடைய வீட்டுக்காரர் மரவேலை செய்பவர். கையில் உளி இல்லாவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாத மனிதர். பதினான்கு வருடமாக அந்த வீட்டில் அவர் கை படாமல் தப்பித்தது கூரை ஒன்றுதான். சமையலறை அலமாரிகள் இரண்டு தடவை இடம் மாறின. குளியலறைக் கதவை இடப்பக்கம் திறப்பதிலிருந்து வலப்பக்கம் திறப்பதாக மாற்றியபோது குடும்பமே ஒரு மாதம் சுவரில் முட்டிக்கொண்டது. "இந்த வீட்டுல ராத்திரி தூங்கி எழுந்தா காலையில வழி கேட்டுத்தான் வெளிய வரணும்" என்று மகன் சொல்லுவான். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். வழியைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை உண்டு.

மூத்தவள் மகள். மருந்துக்கடையில் வேலை. கல்யாணமாகி நான்காவது மாடியில் குடியிருந்தாள். வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் படுத்துவிட்டது. சரிசெய்ய வருகிறோம் வருகிறோம் என்று சொன்னவர்கள் வரவில்லை. படி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா வீட்டோடு வந்துவிடுவது என்று முடிவாயிற்று. எண்ணியக்காவுக்குச் சந்தோஷம். அவள் வீட்டுக்காரருக்கு அதைவிடச் சந்தோஷம், ஒரு சுவரை இடிக்கக் காரணம் கிடைத்ததே என்று. வாசலை ஒட்டிய நடையை அகலப்படுத்தி, பின்பக்கத்துச் சாமான் அறையோடு சேர்த்து, பெரிய அறையாகக் கட்டித் தருகிறேன் என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பமாயிற்று. மகன் இடிசல் அள்ள வந்திருந்தான். மாப்பிள்ளை பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்களை விசாரிப்பவர். எந்த விஷயமானாலும் நாலு கேள்வி கேட்டு ஒரு முடிவுக்கு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். மகள் மட்டும் நடையில் ஒரு நாற்காலி போட்டு, காலை நீட்டி, பிஸ்கட் தின்றுகொண்டு எல்லோரையும் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

வாசல் சுவரில் பையும் குடையும் மாட்டுகிற ஆளுயரப் பலகை ஒன்று உண்டு. அப்பா அதன் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். மகள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, நாம நாலு பேர்தானே. இதுல எதுக்கு அஞ்சு கொக்கி?"

நான்கு கொக்கிகள் மேலே வரிசையாக இருந்தன. ஐந்தாவது தனியாக, கீழே, இடுப்பு உயரத்துக்கும் குறைவாக.

"அது... குடை மாட்ட."

"குடையை யாரும் அதுல மாட்டினதே இல்லையேப்பா."

உண்மைதான். பதினான்கு வருடத்தில் அந்தக் கொக்கியில் ஒருவரும் ஒன்றும் மாட்டியதில்லை. ஏன் மாட்டவில்லை என்று கேட்டதும் இல்லை. அப்பா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"வெளிநாடு போயிட்டு வந்தோமே, அந்த வாரம் அடிச்சது. கை தானா அங்க போச்சும்மா. சின்னப் பிள்ளைக்கு எட்டணும்னு தோணிச்சு."

"எந்தச் சின்னப் பிள்ளைக்கு மாமா?" என்று பெட்டியைத் தூக்கியபடியே சிரித்தார் மாப்பிள்ளை.

வேறு யாரும் சிரிக்கவில்லை. மகன் இடிசல் கூடையைத் தரையில் இறக்கினான். அப்பாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"பழுப்பு ஸ்வெட்டர். கை ரொம்ப நீளம். விரல் வெளிய தெரியாது."

பிஸ்கட்டைக் கடிக்கப்போன மகள் அப்படியே நிறுத்தினாள்.

அந்த வெளிநாட்டுப் பயணம் அவர்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய்த்தது. ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்கு மேஜையும் அலமாரியும் செய்துகொடுத்ததில், அந்த முதலாளி மனம் குளிர்ந்து நான்கு பேருக்கும் ஏற்பாடு செய்துகொடுத்தார். ஒன்பது நாள். ஒரு ஏரிக்கரை ஊர். அங்கே ஒரு கைம்பெண் தன் மாடி வீட்டை விருந்தினருக்கு விட்டுவந்தாள். பெரிய உருவம், ஏப்ரன் பை நிறையத் துணிக் கிளிப்புகள், நடந்தால் கிளுகிளு என்று சத்தம் வரும். அவள் பாஷை இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. கையாலேயே ஒன்பது நாளும் குடித்தனம் நடந்தது. அப்போது மகளுக்குப் பதினைந்து வயது, மகனுக்குப் பதினொன்று. எட்டு நாள் மழை. மிதித்து ஓட்டும் படகு, வழுக்குகிற கல் தெரு, தப்பான நேரத்தில் அடிக்கிற கோபுரக் கடிகாரம், ஏரியில் விழுந்து மிதந்துபோன மகனின் ஒற்றைச் செருப்பு. வீட்டில் எப்போது பேச்சு வந்தாலும் இவைதான் வரும். வேறொன்று வராது. அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோருக்கும் ஒருசேரத் தெரிந்தது.

"படகுல எனக்கு முன்னாடி உக்காந்திருப்பா" என்றான் மகன். "திரும்பிப் பாக்க மாட்டா. பேச மாட்டா. நான் மிதிக்கிற வேகத்துக்குத் தலையை மட்டும் ஆட்டுவா."

"என் கூடத்தான் படுப்பா" என்றாள் மகள். "சின்னக் கட்டில் இருக்கும். அதை விட்டுட்டு விடிகாலையில வந்து என் போர்வைக்குள்ள நுழைஞ்சுப்பா. பாதம் ஐஸ் மாதிரி இருக்கும். என் கெண்டைக்காலுக்கு நடுவுல வெச்சுப்பா."

"கோட்டை மேட்டுக்கு நான்தான் தோள்ல தூக்கிட்டுப் போனேன்" என்றார் அப்பா. "ரெண்டு நாள் தோள் வலி."

"அந்த வீட்டம்மாவோட பேத்தியா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்றார்கள் மூவரும், ஏறக்குறைய ஒரே குரலில். சொன்ன வேகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதான் மெதுவாக அடுத்ததைச் சொன்னார்:

"ஆனா நடுவுல ஒருநாள் நாம அக்கரைக்குப் போய் அங்கயே தங்கினோமே. பெரிய படகுல. அங்கயும் இருந்தாளே."

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார். "இவ்வளவு வருஷமா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்லையா?"

என்னவென்று சொல்வது? ஊர் திரும்பி இரண்டு நாளில், அது கனவில் கண்டது போலவும் வேறு யாருக்கோ நடந்தது போலவும் ஆகிவிட்டதாம் ஒவ்வொருவருக்கும். சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அது இன்னும் மோசம். மகன் அப்படித்தான் சொன்னான்: "சிரிக்காம இருந்துட்டீங்கன்னா என்ன பண்றதுன்னுதான் பயம்."

எண்ணியக்கா சமையலறை வாசலில் நின்று இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடியே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"அம்மா, உனக்கு?"

"நான் எண்ணினேன்" என்றாள்.

கடைசி நாள் காலை. டாக்ஸி சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்து நின்று ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது. மழை. பெட்டிகளை ஏற்று, குடையை மடக்கு, செருப்பைத் தேடு என்று ஒரே களேபரம். ஒன்பது நாளும் தெருவைக் கடக்கும்போதெல்லாம் அவளுடைய இடது கையில் ஒரு சின்னக் கை இருந்தது. ஸ்வெட்டர் கையோடு சேர்த்துத்தான் பிடிப்பாள். ஒன்பது நாளும் எங்கே கிளம்பினாலும் கட்டைவிரல் கணுக்களில் ஓடும், ஐந்து வரும். ஐந்து என்பது அவளுக்கு விசித்திரமாகவே படவில்லை. டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்தியபோது எண்ணினாள். நான்கு வந்தது. இடது உள்ளங்கை ஈரமாகவும் கதகதப்பாகவும் இருந்தது. எண்ணிக்கை தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது, துணி மூட்டையில் ஒரு விரிப்பு குறைந்தால் தூக்கும்போதே கைக்குத் தெரிகிற மாதிரி.

"எல்லாம் ஏத்தியாச்சா?" என்று கேட்டார் கணவர்.

"ஏத்தியாச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு விமானத்தில் உட்கார்ந்து தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். நாலு பேர்தானே வந்தோம், நாலு பேர்தானே போறோம், நாலு பாஸ்போர்ட்தானே இருக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியைத்தான் பதினான்கு வருடமாக அவளால் மன்னிக்க முடியவில்லை.

"குறையுதுன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள் மகளிடம். "வேற யாராவது போட்டிருந்தா நானே வேலையை விட்டு அனுப்பச் சொல்லியிருப்பேன்."

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. இவங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியோ நடுவுலயோ ஏதாவது..."

"இல்ல தம்பி. எனக்கு ரெண்டே பிரசவம். கலைஞ்சதும் இல்ல, போனதும் இல்ல. அவ யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்."

அன்று மத்தியானமே அந்த ஏரிக்கரை வீட்டைத் தேடிப் பிடித்தாள் மகள். இணையத்தில் அந்த விடுதிக்கு ஒரு பக்கம் இருந்தது, நம்பரும் இருந்தது. பேசியது வீட்டம்மாவின் தம்பி மகள்; இப்போது அவள்தான் நிர்வாகமாம். இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில், பேச்சு நடந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் இன்ன மாதம் தங்கியவர்கள் என்று சொன்னதும் அவள் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு, தூரத்திலிருந்து, ஏப்ரன் பையில் கிளிப்புகள் குலுங்குகிற சத்தம். நான்கு பேருக்கும் அந்தச் சத்தம் தெரிந்தது.

வீட்டம்மா பேசப் பேச, தம்பி மகள் சொன்னாள். அதை மகள் இவர்களுக்குச் சொன்னாள்.

"நீங்க அஞ்சு பேர் வந்தீங்களாம். அதனாலதான் மாடிப்படி ஓரத்துல சின்னக் கட்டில் போட்டாங்களாம். போறப்போ நாலு பேரா போனீங்களாம்."

"எப்படி அஞ்சுன்னு சொல்றாங்க? கேளு" என்றார் மாப்பிள்ளை.

பதிவேடு இருக்கிறதாம். ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அப்பாவின் கையெழுத்தேதான். பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தில் நான்கு பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்று. ஐந்தாவது வரியில் மட்டும் நம் எழுத்து. பாப்பா என்று இருந்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு இடித்துப் போட்ட செங்கல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுதின ஞாபகமே இல்லம்மா. சத்தியமா இல்ல."

வீட்டம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். டாக்ஸி போனதும் வெளிக்கதவு ஓரமாகக் குழந்தை நின்றதாம். அழவில்லையாம். இவர்கள் விலாசமோ நம்பரோ கையில் இல்லாததால், திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்து வீட்டம்மா அதை உள்ளே கூட்டிப் போய்த் தலையைத் துவட்டி, பால் கொடுத்துப் படுக்க வைத்தாளாம். மறுநாள் காலையில் கட்டிலில் ஆள் இல்லை. ஊர் முழுக்கத் தேடினார்களாம். ஆனால் கட்டிலில் படுத்த பள்ளம் இருந்ததாம். அதற்கு அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும். பதினான்கு வருடமாகத் தினமும் விரிப்பைச் சரிசெய்கிறாளாம். மறுநாள் காலை அதே பள்ளம். மற்ற எல்லாக் கட்டிலையும் வாடகைக்கு விட்டாலும் அதை மட்டும் விடுவதில்லை.

"பயமா இல்லையான்னு கேளு" என்றான் மகன்.

மகள் கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளையாம். ஆனா காத்துக்கிட்டே இருக்காளாம். அது ஒண்ணுதான் கஷ்டமா இருக்காம்."

அந்த வாரம் எண்ணியக்கா கடிதம் எழுத உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சீட்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர அவள் ஒன்றும் எழுதியதில்லை. சமையலறை மேஜையில் மாலை வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக வைத்தாள்.

"நம்ம பாஷை அவளுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"அப்பா பாப்பான்னுதானே எழுதியிருக்கார். தெரியும்."

மன்னிப்பு கேட்டு எழுதலாமா என்று நினைத்தாளாம். சின்னப் பிள்ளைக்கு மன்னிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டு, வீட்டு விஷயங்களை எழுதினாள். அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அண்ணன் இப்போது பெரிய சிவப்புப் பேருந்து ஓட்டுகிறான், செருப்பைத் தொலைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அப்பா முன்பக்கத்துச் சுவரை இடித்துவிட்டார், வீடெல்லாம் தூசி, குழம்பில்கூட. புது அறைக்கு இரண்டு ஜன்னல். இப்படியே ஒன்றரைப் பக்கம். உறையில் போட்டு ஒட்டி, சின்னக் கட்டிலில் வைத்துவிடும்படி வீட்டம்மாவுக்கு மகளை விட்டுச் செய்தி அனுப்பச் சொன்னாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தாளாம். காலையில் உறை கிழிந்திருந்ததாம், அழகாக, ஓரத்தில். மடிப்பு பிரிந்திருந்ததாம்.

மாப்பிள்ளை அன்றைக்கு முழுக்க யோசித்தார். அந்தக் கிழவி தனியாக இருக்கிறவள், அவளே பிரித்திருப்பாள் என்றார். இருக்கலாம் என்றாள் எண்ணியக்கா. அவர் சொன்ன எல்லாக் காரணத்துக்கும் அவள் இருக்கலாம் தம்பி, இருக்கலாம் என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டாவது கடிதம் எழுதினாள். அண்ணனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம், டிக்கெட் பரிசோதிக்கிற பெண், வாய்த்துடுக்கு, அவனுக்கு அதுதான் சரி. சமையலறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தாயிற்று.

இதற்கிடையில் மகளுக்குப் பிரசவமாயிற்று. ஆண் குழந்தை. சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்னதாக, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில். அவசரக்காரன், அப்படியே மாமன் என்றார்கள். அம்மாவும் பிள்ளையும் படுத்த கட்டில் விரிப்பின் ஓரத்தில் சலவைக்கூடத்தின் முத்திரையைப் பார்த்தாள் எண்ணியக்கா. தான் எண்ணி அனுப்பியது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது கடிதம் எழுதிய அன்று வீட்டுக்காரர் வெளிக்கதவுக்கு வர்ணம் அடிக்கக் கிளம்பினார். பச்சையை மாற்றி நீலமாக்கலாம் என்று டப்பா வாங்கி வைத்திருந்தார்.

"வேணாங்க" என்றாள். "இனிமே வெளிய எதையும் மாத்தாதீங்க. உள்ள என்ன வேணா பண்ணுங்க."

"ஏன்?"

"பச்சைன்னு எழுதிட்டேன்."

அவர் டப்பாவை மூடினார். வெளிக்கதவின் தாழ்ப்பாளை மட்டும் கழற்றி, கீழே, எட்டுகிற உயரத்தில் வைத்துத் திருகினார்.

அந்தக் கடிதத்தில் அவள் எழுதியிருந்தது வழி. விமான நிலையத்தில் இறங்கினால் வெளியே வந்து இடப்பக்கம் போ. பேருந்து நம்பர் இது. கடைசி நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தம். இறங்கினால் எதிரே டயர் கடை. அதை ஒட்டிய சந்து, ஏழாவது வீடு, பச்சைக் கதவு. தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கட. இங்கே வண்டிகள் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும், அங்கே மாதிரி இல்லை.

ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு தம்பி மகளிடமிருந்து வந்தது. வீட்டம்மா சொல்லச் சொல்ல எழுதியிருந்தாள். மூன்று வாரமாகச் சின்னக் கட்டிலில் பள்ளம் இல்லை. விரித்த விரிப்பு விரித்தபடி இருக்கிறது. மூன்று கடிதங்களையும் காணோம். வீடு முழுக்கத் தேடியாயிற்று. புறப்பட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன், குளிர் காலம், ஸ்வெட்டர் மட்டும்தான் போட்டிருப்பாள், அதுதான் கவலை.

மகள் படித்துக் காட்டி முடித்ததும் மாப்பிள்ளை எழுந்து போய்த் தொட்டிலை ஆட்டினார். அவரிடம் கேள்வி இல்லாமல்போனதை அந்த வீடு அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தது.

அந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது என்று எண்ணியக்கா பிற்பாடு சொன்னாள். வருவது என்னவென்று தெரியாது. கூப்பிட்டது தான்தான். வீட்டில் பச்சைக் குழந்தை வேறு. வேலை முடிந்து பேருந்தில் வரும்போது டயர் கடை நெருங்க நெருங்க எழுந்து நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். நிறுத்தத்தில் யாரும் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். அப்பாடா என்று வரும். உடனே, அந்த அப்பாடாவுக்காகவே தன் மேல் கோபமும் வரும். விமானத்தில் வந்த நிம்மதியின் ருசி அதில் இருந்தது. மகன் தன் பேருந்தைக் கடைசி நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்துகிறான் என்று பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. எண்ணியக்கா வேலையிலிருந்து நான்கு மணிக்கு வந்தாள். வெயில் புது அறையின் இரண்டு ஜன்னல் வழியாகவும் தரையில் விழுந்திருந்தது. மகள் கட்டிலில் சுவரோரமாக ஒடுங்கிப் படுத்திருந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கியது. கட்டிலில் தாராளமாக இடம் இருந்தது, அவள் ஏன் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தபடியே நின்றாள் அம்மா.

மகள் கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கவில்லை. காலை அசைக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ரொம்ப சில்லுன்னு இருக்கும்மா பாதம். நடந்தே வந்திருப்பா போல."

"தள்ளி விட்டியா?"

"இடம் விட்டேன்."

எண்ணியக்கா உள்ளே போய்ப் போர்வை எடுத்து வந்தாள். சலவைக்கூடத்துத் துணி மாதிரியே நான்கு ஓரமும் சமமாகப் பிடித்து உதறி, மகளின் மேலும், மகளுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தின் மேலும் போர்த்தினாள். காலி இடத்தின் மேல் விழுந்த போர்வை தட்டையாக விழவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, பயம் இருக்கும்போதே, மறுபடி கையை நீட்டிப் போர்வையின் மேல் வைத்தாள். வெயில் நகர்ந்து தொட்டிலுக்குப் போகிறவரை அப்படியே நின்றாள்.

மாப்பிள்ளை ஆறு மணிக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். வாசலிலேயே செருப்போடு நின்று வெகுநேரம் யோசித்தார். இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எந்தப் பக்கம் படுக்கிறா?" என்று கேட்டார். "தெரியாம நான் மேல படுத்துடக் கூடாதில்ல."

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் அவளைக் கண்ணால் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் அந்த அறையில் ஒரு சின்னக் கட்டில் செய்து போட்டார். அதில் பள்ளம் விழுகிற நாளும் உண்டு, விழாத நாளும் உண்டு. மகனுக்குக் கல்யாணம் நடந்தது. வந்த மருமகள் ஒரு வாரம் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் எல்லோரும் நடக்கும்போது யாருக்கோ வழி விடுகிறீர்களே, யாருக்கு என்று கேட்டாள். சொன்னார்கள். அவளும் வழி விடப் பழகிக்கொண்டாள்.

ஏரிக்கரை வீட்டம்மாவுக்கு நான்காவது கடிதத்தை எண்ணியக்கா, பாப்பா வந்த மறுநாள் புதன்கிழமையே எழுதியிருந்தாள். பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தாள், ஜலதோஷம்கூட இல்லை, இத்தனை வருடம் பார்த்துக்கொண்டதற்கு உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்று. மகள் அதை மொழிபெயர்த்து அனுப்பினாள். பதில் தம்பி மகளிடமிருந்துதான் வந்தது. அத்தைக்குச் சந்தோஷம், ஆனால் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது என்கிறாள். காலையில் எழுந்ததும் விரிப்பைச் சரிசெய்யப் போகிறாள், சரிசெய்ய ஒன்றும் இல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். முடிந்தால் எப்போதாவது எல்லோருமாக ஒருமுறை வந்து போங்கள்.

அடுத்த கோடையில் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.